ஹேரான் தலையாட்டினாள்

நாலாம் வகுப்பின் மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்று ஏதோ கேட்டாள். ஹேரானுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு தலையாட்டினாள். உடனே முப்பது பிள்ளைகளும் ஆரவாரம் செய்தார்கள். மேசைகளைக் கைகளால் அறைந்தார்கள். அந்த அதிர்வு தரை வழியாக ஏறி அவள் முழங்கால்வரை வந்தது.

காது கேளாதவர்களுக்கு இந்தத் தலையாட்டலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்கவில்லை என்று ஒரு முறை சொல்லலாம், இரண்டு முறை சொல்லலாம். மூன்றாம் முறை சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ‘விடு, ஒண்ணுமில்ல’ என்று திரும்பிவிடுவார். அந்த ஒண்ணுமில்லையைத் தின்று தின்று அலுத்துப்போனவர்கள், கடைசியில் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிடுகிறார்கள். ஆட்டினால் உலகம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடும். ஹேரானுக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டு காதிலும் புதுக் கருவி. முப்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தும் இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் இரைச்சலைத்தான் பெருக்கிக் கொடுக்கும்.

ஹேரான் பிள்ளைகளுக்காகச் சித்திரக்கதை வரைகிறவள். சட்டைப் பையில் காதுப்பெட்டியும் அதிலிருந்து காதுக்கு ஓடும் கம்பியுமாக வளரும் ஒரு சிறுமியின் கதைதான் இந்தப் புதுப் புத்தகம். அந்தச் சிறுமி வேறு யாருமல்ல, அவளேதான். புத்தகம் அச்சுக்குப் போகும்முன் பென்சில் பிரதியை ஒரு வகுப்பில் கொடுத்துப் படிக்கவைத்துப் பார்ப்பது அவர்கள் பதிப்பகத்து வழக்கம். ஆறு அத்தியாயம்வரை பிள்ளைகள் சிரித்தார்கள். ஏழாவதில் ‘நீளப்பல்’ என்ற வில்லி அந்தச் சிறுமியின் காதுப்பெட்டியைப் பிடுங்கி அடுப்பில் போடுகிறாள். வாத்தியார் வந்து நீளப்பல்லை ஏழு முறை கன்னத்தில் அறைகிறார். ஏழு அறைக்கு ஏழு கட்டம். ஒன்றிலும் சத்தத்துக்கு எழுத்து கிடையாது, ஏனென்றால் அப்போது கதைநாயகி காதில் கருவி இல்லை. அந்தக் குறையைப் பிள்ளைகள் தீர்த்துவைத்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேசையில் ஓங்கி அடித்து, ‘படார், படார்’ என்று கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சிறுமி எழுந்து கேள்வி கேட்டாள்.

எடிட்டர் பியோன் இளம்பெண், நல்லவள். நடைபாதைக்கு வந்ததும் ஹேரான் முன்னால் நின்று, வாயசைவு தெரியும்படி நிதானமாகப் பேசினாள்.

“மேடம், செம வரவேற்பு! ஏழாவது அத்தியாயத்தத் தொடவே வேண்டாம். அந்தக் குட்டி கேட்டாளே, அதையே கடைசிப் பக்கமா வெச்சிரலாமா?”

“என்ன கேட்டா?”

“உங்களுக்குக் கேக்கலையா? ‘நீளப்பல்லு அப்புறம் செத்துப்போயிட்டாளா’ன்னு கேட்டா. நீங்க ஆமான்னு தலையாட்டுனீங்க. பசங்களுக்கு ஒரே குஷி!”

ஹேரான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நீளப்பல் சாகவில்லை. அவளுக்கு நீளப்பல்லும் கிடையாது. காதுப்பெட்டியை அடுப்பில் போட்டதும் அவள் இல்லை. இவை மூன்றும் ஹேரானுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். அச்சுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அது நடந்தது மாசான் என்ற ஊரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில். இரண்டாம் ஆண்டு, நாலாம் பிரிவு, நாற்பத்தாறு பெண்கள். வகுப்பாசிரியரின் பெயர் மா. அவர் நடத்தியது நீதிபோதனை, பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வெறிநாய். தரை துடைக்கும் கட்டையை உடைத்து, பச்சை டேப் சுற்றி ஒரு தடி வைத்திருந்தார். தொடைக்குத் தடி. கன்னத்துக்கென்றால் கை. கன்னத்தில் அடிக்கும்முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார், கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே என்று. கடிகாரத்தின்மேல் அவருக்கு அவ்வளவு கரிசனம். மற்றப் பெண்கள் அவர் குரலை வைத்துக் கோபத்தைக் கண்டுகொள்வார்கள். ஹேரான் அந்தக் கடிகாரத்தை வைத்துக் கண்டுகொண்டாள்.

மாதம் ஒரு முறை ஆங்கிலம் கேட்டு எழுதும் தேர்வு உண்டு. கரும்பலகைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி இருபது கேள்வி கேட்கும், பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் விடையைக் குறிக்க வேண்டும். எட்டுப் பிரிவுகளின் சராசரியும் மறுநாள் சுவரில் ஒட்டப்படும். கடைசியாக வந்த பிரிவுக்கு மொத்த அடி. செப்டம்பரில் நாலாம் பிரிவு கடைசியாக வந்தது. வகுப்புத் தலைவி சன்மி எழுந்து, “சார், ஹேரானுக்குக் காதே கேக்காது. அவள விட்டுட்டுச் சராசரி பாருங்க சார்” என்றாள். நியாயமான பேச்சு.

“நாப்பத்தாறு தலைன்னா நாப்பத்தாறு தலைதான். இவளுக்காக உலகம் நின்னு பேசுமா?” என்றார் மா.

நாற்பத்தாறு பேரும் மேசைமேல் மண்டியிட்டார்கள். தலைக்கு ஐந்தடி, தொடையில். ஹேரானுக்கும் ஐந்து, அதில் அவர் பாரபட்சம் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் அடிவாங்கி முடித்ததும் திரும்பி அவளைப் பார்த்தாள். முப்பதாவது ஆள் பார்த்தபோது, தடியே தேவலை என்று இருந்தது அவளுக்கு.

பக்கத்து இருக்கை கும்ஜுவுடையது. மீன்காரி மகள், வாய்த்துடுக்கு, சீருடையில் எப்போதும் உப்புவாடை. அக்டோபர் தேர்வில் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியதும் மேசைக்கடியில் ஹேரானின் பாதத்தை ஏதோ அழுத்தியது. கும்ஜு செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். மூன்று அழுத்தம். விடை மூன்று. அடுத்ததற்கு ஒன்று. இருபது கேள்விக்கும் கும்ஜுவின் கால் பேசியது. அந்த மாதம் நாலாம் பிரிவு ஐந்தாம் இடம், நவம்பரில் மூன்றாம் இடம். அந்தக் கால் பேசியதைப்போல அதுவரை யாரும் ஹேரானிடம் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. கும்ஜுவை அவளுக்கு அப்படிப் பிடித்திருந்தது.

டிசம்பர் தேர்வன்று கும்ஜு காய்ச்சலில் படுத்துவிட்டாள். நாலாம் பிரிவு மறுபடி கடைசி. இந்த முறை தலைக்குப் பத்து அடி. இரண்டு பேர் மேசையிலிருந்து கீழே விழுந்தார்கள்.

மாலையில் வகுப்பைக் கூட்டித் துடைக்கும் நேரத்தில் சன்மியும் மூன்று பேரும் ஹேரானை, குளிருக்காக வகுப்பில் மூட்டிவைத்திருந்த அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருத்தி முடியைப் பிடித்துத் தலையைச் சாய்த்தாள். ஒருத்தி முதுகில் முட்டியை ஊன்றினாள். சன்மி கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கம்பி நுனியில் காதுக்குள் பொருத்தியிருந்த அச்சு தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அதோடு ஹேரானின் உலகத்தில் சத்தம் நின்றுவிட்டது. அவர்கள் வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின. துடைக்கிற வாளியை அவள் தலையில் கவிழ்த்தார்கள், விலாவில் உதைத்தார்கள். சன்மி அடுப்பின் கதவைத் திறந்து காதுப்பெட்டியை நெருப்பில் எறிந்தாள்.

காய்ச்சலோடு வீட்டுப்பாடம் கேட்டுப்போக வந்திருந்த கும்ஜு அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சன்மியை இடுப்பில் ஓர் உதை. இன்னொருத்தியின் தலையைச் சுவரில் மோதினாள். கங்கு எடுக்கும் இடுக்கியை எடுத்து அடுப்புக்குள் கையை விட்டாள். உருகி வளைந்த பெட்டியை வெளியே இழுத்தபோது அவள் விரல்கள் பொசுங்கியிருந்தன. வாசலில் மா வந்து நின்றார். மற்ற நால்வரும் அந்த நொடியே துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள். நடு அறையில் கும்ஜு, கையில் இடுக்கியும் பெட்டியும். கீழே காதில் ரத்தம் வழிய ஹேரான்.

மா சன்னலுக்கு முன்னால் போய் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம். முகம் ஒரு கருப்புத் திட்டாகத்தான் ஹேரானுக்குத் தெரிந்தது. உதடு தெரியவில்லை. திட்டின் தாடை அசைந்தது. ஏதோ கேட்கிறார். ஹேரான் தலையாட்டினாள். மறுபடி அசைந்தது. மறுபடி ஆட்டினாள். மூன்றாவது முறையும் அசைந்தது, மூன்றாவது முறையும் ஆட்டினாள். வலி உயிர்போனது. ஆட்டினால் விட்டுவிடுவார்கள் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மா கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

முதல் அறையில் கும்ஜுவின் கையிலிருந்த பெட்டி பறந்தது. இரண்டாவதில் அவள் வாய் திறந்தது. ‘நான் இல்ல சார்.’ அந்த உதடுகளை ஹேரான் தெளிவாகப் படித்தாள். எதிர்த்துப் பேசியதற்கு மூன்றாவது, நான்காவது. கும்ஜு கீழே விழுந்தாள். காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி ஐந்தாவது. நாற்காலிகள் சரிந்தன. ஆறாவதுக்குப் பிறகு கும்ஜு மாவைப் பார்க்கவில்லை, ஹேரானைப் பார்த்தாள். ஏழாவதில் அவள் இடது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கி வெள்ளைக் காலருக்குள் போனது. எல்லாம் ஓசையில்லாமல் நடந்தது.

போகும்முன் சன்மி ஹேரானின் நோட்டில் எழுதிக் காட்டினாள்: ‘கும்ஜுதான் பண்ணாளான்னு சார் கேட்டார். நீ மூணு தடவ ஆமான்ன. தேங்க்ஸ்.’ கூடவே ஒரு சாக்லேட்டும் வைத்தாள்.

ஆக, அன்று மாலையே தெரியும். ஹேரானுக்கு வாய் இருந்தது, கை இருந்தது, எழுதப் பேனா இருந்தது. அவள் போய்ச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வகுப்பில் ஒருத்தியும் அவள்மேல் விரல் வைக்கவில்லை. இவள் தலையசைத்தால் வெறிநாய் பாயும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. தேர்விலிருந்தும் அவளை விலக்கிவிட்டார்கள். குளிர்கால விடுமுறைக்குப் பிறகு கும்ஜு பள்ளிக்கு வரவில்லை. அம்மா கேட்டபோது, கும்ஜுதான் பெட்டியை உடைத்தாள் என்றாள் ஹேரான். பிறகு டாக்டரிடம் அதையே சொன்னாள், கல்யாணமானபின் கணவனிடம் சொன்னாள், பேட்டி எடுக்க வந்தவர்களிடம் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை வழவழப்பாகிவிட்டது. புத்தகத்தில் அதற்கு நீளமான பல்லையும் வரைந்து சேர்த்தாயிற்று.

வகுப்பறையில் அந்தப் பிள்ளைகள் மேசையை அடித்த அடி இன்னும் அவள் காலில் இருந்தது. உண்மையை வரைந்தால் அந்தப் பிள்ளைகளின் கண்ணில் இனி நீளப்பல் யாராக இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். வரையாவிட்டால் ஆயிரமாயிரம் பிள்ளைகள் கும்ஜுவை அறைந்துகொண்டே இருப்பார்கள். கும்ஜு இப்போது எங்கே என்று பழைய மாணவிகளின் கைபேசிக் குழுவில் கேட்டாள். சன்மியே பதில் போட்டாள், சிரிக்கும் பொம்மைகளோடு: ‘மாசான் மீன் சந்தை. விலாங்குக் கடை.’

மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்துப் போனாள். பையில் ஏழாம் அத்தியாயம்.

கும்ஜு ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். துள்ளும் விலாங்கின் தலையை ஆணியால் பலகையில் குத்தி நிறுத்தி, கழுத்தைச் சுற்றிக் கீறி, தோலை ஒரே இழுப்பில் வால்வரை உரித்தாள். உரித்த பின்னும் அது நெளிந்தது. நிமிர்ந்தவள் ஹேரானின் காதுகளைப் பார்த்தாள், பிறகு முகத்தை.

“ஏய்! பெட்டிக்காதுக்காரி!”

நேருக்கு நேர் திரும்பி, வாயை நன்றாகத் திறந்துதான் சொன்னாள். அந்தப் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. ஹேரானுக்கு அங்கேயே அழுகை முட்டியது. தாள்களை எடுத்து நீட்டினாள். கும்ஜு கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“யார்டி இது, நீளப்பல்லு?”

“நீதான்.”

“எம்பல்லு இம்புட்டு நீளமா?” கும்ஜு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த தாளைப் புரட்டியதும் சிரிப்பு நின்றது. “நானா அடுப்புல போட்டேன்?”

“இல்ல. சன்மி போட்டா. நீ எடுத்த.”

“அது எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுமான்னுதான் கேக்குறேன்.”

“தெரியும். அவர் கேட்டது அப்ப எனக்குக் கேக்கல கும்ஜு. சத்தியமா கேக்கல. சும்மா தலைய ஆட்டிட்டேன். அன்னைக்கு சாயங்காலமே என்ன கேட்டார்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“அதுக்கப்புறம் என்னை யாரும் அடிக்கல. அதான்.”

கும்ஜு ஆணியைப் பலகையில் ஓங்கிக் குத்தினாள். பக்கத்துக் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். கும்ஜு தன் இடது காதை விரலால் தட்டிக் காட்டினாள்.

“இது அன்னைக்கே அவுட்டு. இந்தப் பக்கம் லாரி வந்தாலும் தெரியாது. வீட்டுக்காரன் கத்துனா இந்தக் காதத்தான் காட்டுவேன், அது ஒண்ணுதான் லாபம்.” பிறகு ஹேரானின் தலையைச் சுட்டினாள். “மூணு தடவ ஆட்டுன. மொதத் தடவ, சரி, இவளுக்குப் புரியலன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ, பயந்துட்டான்னு நெனச்சேன். மூணாந்தடவ என்னடி நெனைக்கிறது? இருவத்தெட்டு வருசமா யோசிக்கிறேன், நீயே சொல்லு.”

ஹேரான் கையை உயர்த்தி வலது காதுக் கருவியைக் கழற்றினாள், பிறகு இடது காதுடையதை. சந்தையின் இரைச்சல் அறுந்து விழுந்தது. இரண்டையும் ஈரம் படாத செய்தித்தாள்மேல் பத்திரமாக வைத்தாள். வைக்கும்போது மேசைமேல் இருந்த அந்தக் கடிகாரம் அவளுக்கு நினைவு வந்தது. கும்ஜுவுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் அந்தக் கருவிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அறைந்தாள்.

மீன் அறுக்கிற கை. விலாங்கின் வழவழப்போடு கன்னத்தில் விழுந்த அடியில் ஹேரானின் தலை சந்தைக்கூரையைப் பார்த்தது. கும்ஜு ஒரு விரலைக் காட்டினாள். இரண்டாவது மறுகன்னத்தில். பல் உதட்டைக் கிழித்து வாயில் ரத்தம் கரித்தது. கும்ஜு இரண்டு விரலைக் காட்டினாள். கூட்டம் கூடியது. ஒரு கிழவர் குறுக்கே வந்து கையைப் பிடிக்கப் பார்த்தார், கும்ஜு அவரை உதறித் தள்ளினாள். மூன்றாவதில் ஹேரான் விலாங்குத் தொட்டியோடு சேர்ந்து சாய்ந்தாள். விலாங்குகள் தரையெல்லாம் ஓடின. மூன்று தலையாட்டலுக்கு மூன்று. அதற்கு மேல் ஒன்றுகூட அவள் அடிக்கவில்லை. கை இறங்கிவிட்டது. கும்ஜு அழுதுகொண்டிருந்தாள்.

அழுதபடியே ஏதோ சொன்னாள்.

ஹேரானின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. எதிரே ஒரு முகம், அதில் அசையும் ஒரு வாய், அவ்வளவுதான் தெரிந்தது. பழக்கம் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. தலை மெல்ல இறங்கத் தொடங்கிவிட்டது. அவள் தன் தாடையைத் தானே கையால் இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள்.

“கேக்கல” என்றாள். “திரும்பச் சொல்லு.”

கும்ஜு சொன்னாள்.

“இன்னும் கேக்கல. கண்ணு கலங்கிக் கெடக்கு, ஒன் வாய் தெரியல. திரும்பச் சொல்லு.”

மூன்றாம் முறை. முகம் சுளித்து, ஒண்ணுமில்ல என்று திரும்பிக்கொள்ளும் முறை. கும்ஜு திரும்பவில்லை. குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, விலாங்குகளுக்கு நடுவே ஈரத்தரையில் அவள் எதிரே குந்தினாள். ஏப்ரனின் உள்பக்கத்தால் ஹேரானின் கண்களை அழுத்தித் துடைத்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“எம்பல்லக் கொறைச்சு வரை. ஒன் தலையப் பெருசா வரை. மூணு கட்டம். கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றாள் ஹேரான், தலையை ஆட்டாமல்.